சோயா மகசூல்: நாடுகளுக்கிடையே ஏன் இத்தனை இடைவெளி?

கேள்வி:
வணக்கம். ஒரு ஹெக்டேரில் அமெரிக்காவும் பிரேசிலும் ஏறத்தாழ 3.4 டன் சோயா எடுக்கும்போது, சீனா 2 டன்னையும் இந்தியா 1 டன்னையும் ஒட்டியே நிற்கின்றன. இதற்கு விதைதான் காரணமா, மண்ணும் மழையுமா? இந்த இடைவெளி இனிக் குறையுமா?

முதல் பதில்:
விதைக்கும் பங்குண்டு, ஆனால் பயிர் வயலில் எத்தனை நாள் நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இந்தியாவின் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் பருவமழையை நம்பியே விளைகிறது. மண்ணின் ஈரம் வற்றுவதற்குள் காய் முற்றிவிட வேண்டும் என்பதால், அங்கே 90 முதல் 100 நாள் வரையிலான குறுகிய கால ரகங்களே அதிகம் விதைக்கப்படுகின்றன. காய் பிடிக்கும் வேளையில் மழை தவறினால் அந்தக் குறுகிய காலத்தில் கிடைக்கக்கூடிய விளைச்சலையும் முழுதாக எடுக்க முடிவதில்லை. அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் மாநிலங்களிலோ மே மாதத்தில் விதைத்த பயிர், கோடையின் நீண்ட பகலையும் வளமான ஆழ்ந்த மண்ணையும் பெற்று இலையுதிர் காலத்தில்தான் அறுவடைக்கு வருகிறது. பாசனத்தில் விளையும் துருக்கியின் சோயா 4 டன் அளவை எட்டுவதையும் கவனியுங்கள்.

இரண்டாம் பதில்:
பிரேசிலின் செராடோ என்னும் புல்வெளி நிலம் இயல்பிலேயே அமிலத்தன்மை மிகுந்தது. சுண்ணாம்பு இட்டு மண்ணைத் திருத்தியதும், எம்ப்ராபா போன்ற ஆய்வு நிறுவனங்கள் வெப்பமண்டலத்துக்கேற்ற ரகங்களை உருவாக்கியதும், காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு எடுத்துத் தரும் வேர்முடிச்சு பாக்டீரியாவை விதையுடன் கலந்து விதைத்ததும் சேர்ந்துதான் அதை விளைநிலமாக்கின. மேலும், அங்கே பல வயல்களில் சோயாவை அறுத்த கையோடு மக்காச்சோளம் விதைக்கிறார்கள். ஆகவே சோயாவின் டன் கணக்கை மட்டும் ஒப்பிட்டால் அந்த நிலத்தின் முழு விளைச்சல் தெரியாது.

மூன்றாம் பதில்:
எதிர்காலத்தைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தொடங்கினால் சோயாவின் மகசூல் விரைந்து சரிகிறது. 2022-23 வறட்சியில் அர்ஜென்டினாவின் உற்பத்தி ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. உலக அளவில் சோயா மகசூல் ஆண்டுக்கு 1.3 சதவீதம் உயர்வதாகவும், 2050க்குள் உற்பத்தியை இருமடங்காக்க 2.4 சதவீத வளர்ச்சி தேவை என்றும் 2013இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. இந்தக் குறையைக் காட்டையும் புல்வெளியையும் அழித்து ஈடுகட்டுவதைவிட, மகசூல் குறைந்த நாடுகளில் மிகைநீரை வடித்து ஈரத்தைக் காக்கும் அகலப் பாத்திகளையும், வறட்சி தாங்கும் ரகங்களையும், காய் பிடிக்கும் பருவத்துக்கு ஒரு தண்ணீரையேனும் உறுதிசெய்வதே முதலில் செய்ய வேண்டியது.