அறையாகவே வந்து இறங்கிய மாணவர் விடுதி: அனுபவப் பகிர்வு

சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நார்த் ஹில் விடுதிகளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். 13 மாடிகள் கொண்ட அந்தக் கட்டடங்கள், ஆலையில் முடித்த அறைகளை அடுக்கி எழுப்பப்பட்டவை. பிபிவிசி என்று கட்டுமானத் தளத்தில் இந்த முறையைச் சொல்வோம். நான் வேலை பார்த்தது அங்கே அல்ல, அதே முறையில் எழுந்த வேறொரு வளாக விடுதியில். ஆலையில் முடித்த அந்த அறைப் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் பிரிவின் மேற்பார்வையாளன் நான்.

லாரியில் வருவது வெறும் கூடு அல்ல. டைல்ஸ், ஜன்னல், மின்கம்பி, குளியலறைக் குழாய் எல்லாம் பொருத்தி, தண்ணீர் தேக்கிக் கசிவு சோதனையும் முடித்த அறை. சாலையில் 4.5 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் துணை வாகனம் கூட வர வேண்டும். அதனால் லாரித் தட்டையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் பெட்டியின் உயரத்தை முடிவு செய்வார்கள்.

தூக்குவதில் கடினமான கட்டம் கடைசி ஒரு சாண்தான். கிரேன் பெட்டியை இறக்கும்போது மூலைக்கொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார்கள். கீழ்ப்பெட்டியின் மூலையில் நிற்கும் முளை, மேற்பெட்டியின் துளைக்குள் நுழைய வேண்டும். அடித்தளத்தில் சில மில்லிமீட்டர் பிசகினாலும் மாடி ஏற ஏற அது வளரும். தகடு வைத்து மட்டம் பார்த்த பிறகுதான் கொக்கியைக் கழற்ற விடுவேன்.

பெட்டிக்குள் பிரச்சினை அரிது. இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில்தான் எல்லாம். எங்கள் தளத்தில் ஒரு துணை ஒப்பந்தக்காரர், சோதனை முடியும் முன்பே ஓர் இணைப்பின் மேல் பலகையை அடித்து மூடிவிட்டார். பிற்பகல் மழையில் நடைபாதைக் கூரையில் ஈரம் தெரிந்தது. தண்ணீர் புகுந்த இடமோ அதற்கு இரண்டு மாடி மேலே! பல அறைகளின் பலகைகளைப் பிரித்துத்தான் கண்டுபிடித்தோம். இணைப்பை மூடும் முன் படம் எடுத்து, கையெழுத்து வாங்கியே தீர வேண்டும் என்று அன்றிலிருந்து சண்டை போட்டு வருகிறேன்.

இம்முறையால் ஆளும் நேரமும் மிச்சமாகி, உற்பத்தித்திறன் 40% வரை கூடலாம் என்று சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் சொல்கிறது. தளத்தில் ஆட்கள் குறைவது உண்மைதான். ஆனால் எஞ்சியிருப்பவர்களுக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும், அதற்கேற்ற சம்பளமும் வேண்டும். மாணவர்களுக்கு ஆளுக்கோர் அறையை இறக்கி வைத்துவிட்டு, பலர் நெருக்கியடித்துப் படுக்கும் அறைக்குத் திரும்பியவர்கள் எங்கள் ஆட்கள். அவர்களில் பலர் நம் ஊர்ப் பிள்ளைகள்.

*

அண்ணா, அப்படிப்பட்ட விடுதியில் தங்கிப் படித்தவள் நான். பக்கத்து அறைத் தோழி இரவெல்லாம் பாட்டுக் கேட்பாள், எனக்கு ஒன்றும் கேட்காது. மேல்மாடிக் குளியலறைத் தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும். ஒரு சந்தேகம்: காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கக்கூட நிர்வாகம் விடவில்லை. ஏன்?

*

தங்கச்சி, ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சுவர் உண்டு. இரண்டு அறைகளுக்கு நடுவே இரண்டு சுவர்களும் ஓர் இடைவெளியும் வந்துவிடுவதால்தான் பாட்டு கேட்கவில்லை. குழாய்கள் எல்லா மாடிக்கும் ஒரே தண்டாக ஓடுகின்றன. அதைச் சுற்றி ஒலித்தடுப்பு சரியாகச் சுற்றாவிட்டால் நீங்கள் சொல்லும் சத்தம் வரும்.

ஆணி விஷயத்தில் நிர்வாகம் சொன்னது சரி. பெரும்பாலும் அந்தச் சுவர் எஃகுச் சட்டத்தின் மேல் பொருத்திய தீத்தடுப்புப் பலகை. துளை விழுந்தால் அந்த இடத்தில் தீயைத் தடுக்கும் திறன் குறையும், பின்னால் ஓடும் மின்கம்பியிலும் ஆணி படலாம். ஒட்டும் கொக்கி வாங்கி மாட்டுங்கள்.