எஞ்சினோடு மோதிய அனுபவம்: மனதை விட்டுப் போகாத ஆட்டம் எது?

கரிக்குதிரை:
லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் லீலா என்ற எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) ஒரு குதிரையை விட்டுக்கொடுத்து ஆடுவது இங்கே எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்கு பி1 குதிரை கிடையாது, மற்றபடி வழக்கமான ஆட்டம்தான். 3+2-ல், அதாவது ஆளுக்கு மூன்று நிமிடம், நகர்த்தலுக்கு இரண்டு நொடி கூடுதல் என்ற கணக்கில் உட்கார்ந்தேன். கையில் ஒரு காய் கூடுதலாக இருந்தால் மீதியை மாற்றிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதானே? ராணியை எதிரே கொண்டுபோய் நிறுத்தினால் அது தன் ராணியை நகர்த்திக்கொள்கிறது. பிஷப்பை நிறுத்தினாலும் அதே கதை. மாற்றிக்கொள்ளவே விடவில்லை. இதற்கிடையே அதன் எச் சிப்பாய் எச்4, எச்5, எச்6 என்று வந்து என் ராஜாவுக்குப் பக்கத்தில் குத்தி நின்றது. நான் ஏற்கெனவே ஜி6 தள்ளியிருந்தேன்.

பிறகு ராணி சி3-க்கு வந்தது. ஜி7-ல் மேட். அதைக் காக்கக் குதிரையை ஈ8-ல் போட்டேன். அந்த நொடியில்தான் உறைத்தது: எனக்குக் கூடுதலாகக் கிடைத்த அதே குதிரை இப்போது காவலுக்கு உட்கார்ந்துவிட்டது, நகர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அடுத்த நகர்த்தலிலேயே யானை ஈ8-ல் வந்து குதிரையை வெட்டியது. திருப்பி வெட்டினால் ஜி7-ல் மேட், வெட்டாவிட்டால் குதிரை போச்சு. கடிகாரத்தில் சில நொடிகள்தான் மிச்சம்.

சமமாக ஆடித் தோற்றால் வருத்தமே இல்லை. ஒரு குதிரை குறைவாக வைத்துக்கொண்டு, நான் எதற்கு ஆசைப்படுவேன், எங்கே பயப்படுவேன் என்று தெரிந்ததுபோல ஆடியதே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மதுரை சிப்பாய்:
எனக்கு மறக்காதது நான் ஆடிய ஆட்டமில்லை. 2006 நவம்பர் 27, ஜெர்மனியின் பான் நகரம், கிராம்னிக்கும் டீப் ஃபிரிட்ஸ் என்ற எஞ்சினும், இரண்டாவது ஆட்டம். இணையத்தில் நகர்த்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்புக்கு ஒரு குறையும் இல்லை. 34-வது நகர்த்தலில் கிராம்னிக் ராணியை ஈ3-ல் வைத்தார். அடுத்து எச்7-ல் ராணி, மேட். ஒரே நகர்த்தல் மேட்! உலக சாம்பியன்! பதிவு செய்தவர் தப்பாகப் போட்டுவிட்டார் என்று நினைத்துப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தேன். அவர் அந்த நகர்த்தலைச் செய்துவிட்டு நிதானமாக எழுந்து கோப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார் என்று பிறகு படித்தேன். எஃப்8-ல் இருந்த வெள்ளைக் குதிரை எச்7-ஐக் காப்பது அவர் கண்ணில் படவே இல்லை.

மனிதன் தோற்பது அறிவுக் குறைவால் அல்ல, களைப்பால் என்பேன். அந்தப் போட்டியில் மற்ற ஐந்து ஆட்டங்களில் நான்கு டிரா. 4-2 என்ற ஸ்கோரை மட்டும் பார்க்காதீர்கள்.

தாயக்கட்டை:
மதுரை நண்பரே, களைப்பு என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. அதற்கு முந்தைய வருடமே லண்டனில் ஹைட்ரா என்ற செஸ் கணினி மைக்கேல் ஆடம்ஸை 5.5-0.5 என்று வென்றது. ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு டிரா, அதுவும் உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவருக்கு. 2009-ல் பியூனஸ் அயர்ஸில் ஒரு கைபேசியில் ஓடிய பாக்கெட் ஃபிரிட்ஸ் 10-க்கு 9.5 எடுத்து ஒரு டோர்னமென்டையே ஜெயித்தது. முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனின் உச்ச ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், 2882. மனிதனோடு மோதி வந்த எண் இல்லை என்றாலும், எஞ்சின் பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் 3500-க்கும் மேலே. போட்டி என்ற பேச்சு அப்போதே முடிந்துவிட்டது.

என் அனுபவம் வேறு. ஒரு ஓப்பன் டோர்னமென்டில் ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவரோடு ஆடி டிரா செய்தேன். வெளியே மரத்தடி பெஞ்சில் போர்டை விரித்துத் திரும்ப ஆடிப் பார்த்தோம். "இங்கே யானையைக் கொடுத்திருந்தால்?" என்று கேட்டு அவரே காய்களை வைத்துக் காட்டினார். அழகான யோசனை, ராஜா நடுப் போர்டுக்கு ஓட வேண்டிவரும். நானும் தப்பிக்க வழி தேடினேன், அவர் அதற்குப் பதில் தேடினார். சுற்றி நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு பையன் கைபேசியை நீட்டி, "தாத்தா, அது மைனஸ் நாலு" என்றான். எஞ்சின் கணக்கில் நாலு சிப்பாய் அளவு பின்தங்கல் என்று அர்த்தம். பெரியவர் திரையைப் பார்த்தார். "சரிப்பா" என்று சொல்லிவிட்டுக் காய்களைப் பையில் போட ஆரம்பித்தார். பையன் மேல் தப்பில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் இன்னும் அரை மணி நேரத்துக்குப் பேச்சு இருந்தது.

வயல்வரப்பு:
தாயக்கட்டை சொன்னதில் பாதி சரி. ஜெயிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஞ்சினுக்கு எல்லாம் தெரியும் என்பது சரியில்லை. 1998 லினாரெஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் பிஷப்பை எச்3-ல் தூக்கிக் கொடுத்தாரே, அந்தக் கால எஞ்சின் எதுவும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இன்றும் கோட்டை நிலைகளில், அதாவது காய் குறைந்தவர் எதிராளி உள்ளே நுழைய முடியாதபடி அடைத்து நிற்கும் நிலைகளில், எஞ்சின் பிளஸ் 3 என்று காட்டிக்கொண்டே இருக்கும், உடைக்க மட்டும் தெரியாது.

நானே வேறு வேறு நிறக் கட்டங்களில் ஓடும் பிஷப்கள் மிஞ்சிய எண்ட்கேமில் (கடைசிக் கட்ட ஆட்டத்தில்) இரண்டு சிப்பாய் குறைவாக இருந்து மடிக்கணினியில் இருந்த எஞ்சினிடம் டிரா வாங்கியிருக்கிறேன். என் ராஜா ஒரே இடத்தில் நின்றது, பிஷப் இரண்டு கட்டங்களுக்கு இடையே போய் வந்தது, அது போர்டு முழுக்கச் சுற்றியது. சிப்பாய் நகராமலும் காய் வெட்டப்படாமலும் 50 நகர்த்தல் போனால் டிரா என்ற விதியில் முடிந்தது. அந்த நிம்மதியை எந்த வெற்றியும் தரவில்லை எனக்கு.

ஈரோடு கோச்:
சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 டிசம்பர், சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டி, குகேஷ் – டிங் 14-வது ஆட்டம். வகுப்பில் பிள்ளைகளோடு நேரலை பார்த்துக்கொண்டிருந்தோம். டிங் யானையை எஃப்2-ல் வைத்ததும் திரையோரத்தில் எஞ்சின் கணிப்பைக் காட்டும் பட்டை சரிந்தது, எல்லோரும் "பிளண்டர்!" என்று கத்தினார்கள். திரையை அணைத்துவிட்டு "ஏன்?" என்று கேட்டேன். சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் மெதுவாக, "யானை மாறிடும் சார், அப்புறம் பிஷப் ஏ8 மூலையில மாட்டிக்கும்" என்றாள். கருப்பு பிஷப் டி5-க்கு வந்தால் மாற்றிக்கொண்டே ஆக வேண்டும், மீதி சிப்பாய் ஆட்டம் தோல்வி. அவள் சொன்னது அப்படியே சரி.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கேளுங்கள். பிள்ளை ஆட்டத்தை முடித்ததும் கைபேசியை நீட்டாதீர்கள். முதலில் அவனே எழுதட்டும்: எங்கே யோசித்தான், எதற்குப் பயந்தான், எதைப் பார்க்கவில்லை. மறுநாள் எஞ்சினைப் போடுங்கள், அதுவும் அவன் எழுதிய இடங்களில் மட்டும். குகேஷை விஷ்ணு பிரசன்னா சிறு வயதில் எஞ்சின் இல்லாமலே பயிற்றுவித்தார் என்பது பலமுறை வெளிவந்த செய்தி. ரேட்டிங் 2500-ஐத் தொடும் காலம் வரை அப்படித்தான். அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஓப்பனிங் தயாரிப்புக்கு இன்று எஞ்சின் கட்டாயம் வேண்டும். ஆனால் 1200, 1300-ல் இருக்கும் பிள்ளைக்கு பிளஸ் 0.4-க்கும் பிளஸ் 0.7-க்கும் உள்ள வித்தியாசம் எதற்கு? தினமும் எண்ட்கேம் ஒன்று, காய் தொடாமல் மனதுக்குள். இதைச் செய்தாலே போதும்.

கரிக்குதிரை:
கோச் சார், நன்றி, ஆனால் நான் சொல்லவந்தது வேறு. வயல்வரப்பு சொல்லும் கோட்டை வித்தை லீலாவிடம் பலிக்காது என்றே தோன்றுகிறது. இந்த லீலா காய் குறைவான ஆட்டத்துக்கென்றே பழக்கப்பட்டது, எதிரே இருப்பவர் தவறுவார் என்று நம்பி நிலையைச் சிக்கலாக்கும். எச் சிப்பாய் வித்தையும் புதிதில்லை. 2017-ல் ஆல்ஃபாஸீரோ என்ற எஞ்சின் ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லாமல் முடித்ததே, அந்த ஆட்டங்களில் பார்த்ததுதான். அதன் பிறகு கிராண்ட்மாஸ்டர்களும் அதே சிப்பாயைத் தள்ளுகிறார்கள்.

மதுரை சிப்பாய்:
3+2-ல் ஆடினால் அப்படித்தான் ஆகும். 15+10 வைத்து ஆடிப் பாருங்கள். நேரம் கூடினால் அந்தக் குதிரைக்கு மதிப்பு வரும். களைப்பு, அவசரம் என்று நான் சொன்னதும் இதைத்தான், தாயக்கட்டை ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

அஞ்சலட்டை:
நான் தபால் செஸ் ஆடுகிறவன், ஐசிசிஎஃப் என்ற சர்வதேசத் தபால் செஸ் கூட்டமைப்பில். அங்கே எஞ்சின் பயன்படுத்துவது விதிப்படி சரி. அதனால் மனிதனும் எஞ்சினும் ஒரே பக்கம். ஆனந்த் 1999-ல் லியோனில் கணினித் துணையோடு கார்போவை 5-1 என்று வென்ற காலத்தில் அதைப் படித்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. இப்போது மேல்மட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாமே டிரா. என் கடைசி ஆட்டம் மாதக்கணக்கில் ஓடியது. 20-வது நகர்த்தலிலிருந்து திரையில் 0.00, அதாவது சமம். எதிராளி, "உங்களுக்கு இதில் வேறு ஏதாவது தெரிகிறதா?" என்று எழுதிக் கேட்டார். ராத்திரி முழுக்க எஞ்சினை நிறுத்திவிட்டு மரப் போர்டில் தேடினேன். கிடைக்கவில்லை, டிரா கொடுத்தேன். ஆனால் அந்த ஒரு இரவு மட்டும் ஆட்டம் என்னுடையதாக இருந்தது.

வயல்வரப்பு, அந்தப் பிஷப் எண்ட்கேமின் நிலையைப் போட முடியுமா? உண்மையிலேயே கோட்டையா, அல்லது அந்த மடிக்கணினிக்குத்தான் வழி தெரியவில்லையா என்று போர்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.