எங்க தெருல யாரும் யார்கிட்டயும் பேசறதில்ல, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

மடிப்பாக்கம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க சென்னைல மடிப்பாக்கம் வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது, சின்ன தெரு, 22 வீடு, பாதி தனி வீடு பாதி ஃப்ளாட். வந்த நாலாவது மாசமே மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர், தெருல தொடை அளவு தண்ணி, மூணு நாள் கரண்ட் இல்ல செல்போன் சிக்னல் இல்ல. அந்த மூணு நாளும் எங்க தெரு வேற தெரு மாதிரி இருந்துச்சு. எதிர் வீட்டு மாடில பத்து பேருக்கு சமைச்சாங்க, எங்க பாப்பாவுக்கு பால் பவுடர் எங்கேர்ந்தோ வாங்கிட்டு வந்து குடுத்தவர் பேரு கூட எனக்கு அன்னிக்கு தெரியாது. கரண்ட் வந்துச்சு, எல்லாரும் கேட்டை சாத்திட்டு உள்ள போயிட்டோம், அவ்ளோதான்.

இப்ப ஏன் எழுதறேன்னா, போன மாசம் ரெண்டு வீடு தள்ளி இருந்த பாட்டி தவறிட்டாங்க. வாசல்ல ஃப்ரீசர் பாக்ஸ் வந்து எறங்கும்போது தான் எங்களுக்கு தெரியும். பத்து நாளா படுக்கைல இருந்தாங்களாம். டெய்லி அந்த வீட்டை தாண்டி தான் நான் ஆபீஸ் போறேன், மனசே சரியில்ல. தெரு வாட்ஸ்அப் க்ரூப் ஒண்ணு இருக்கு, அதுல காலைல சாமி படம் வரும், அத தவிர ஒண்ணும் கெடையாது. இத எப்படி மாத்தறது, யாராவது செஞ்சு பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

பழைய மாம்பலத்துக்காரன்:
தம்பி, நான் மேற்கு மாம்பலத்துல 45 வருஷமா ஒரே தெருல இருக்கேன். அந்த காலத்துல எல்லாரும் நல்லவங்களா இருந்தோம்னு சொல்ல மாட்டேன், ஒருத்தர விட்டா ஒருத்தருக்கு வேலை ஆகாது, அதான் விஷயம். தெருவுக்கே ஒரு வீட்ல தான் போன், நாங்க எல்லாரும் அந்த நம்பரை தான் பி.பி. நம்பர்னு போட்டு சொந்தக்காரங்களுக்கு குடுத்து வச்சிருந்தோம், ராத்திரி பதினோரு மணிக்கு கால் வந்தாலும் அந்த மாமி வந்து கதவ தட்டி கூப்பிடுவாங்க. எங்க அப்பா போன சேதி அப்படி தான் வந்துச்சு, அழுதுகிட்டே அவங்க வீட்டு கூடத்துல தான் உக்காந்திருந்தேன். உறை மோர், ஏணி, பெரிய அண்டா எல்லாம் பக்கத்து வீடு தான். அப்புறம் 1989ல எம்.பி. நிர்மல் சார் தெரு சுத்தத்துக்காக எக்ஸ்னோரான்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாரு, எங்க தெருலயும் வீட்டுக்கு கொஞ்சம் பணம் போட்டு ட்ரைசைக்கிள்ல குப்பை எடுக்க ஒரு ஆளை வச்சோம், அந்த பணம் வசூல் பண்ண வீடு வீடா ஏறினதுல தான் எனக்கு பாதி தெருவே பழக்கம். இப்ப எல்லாமே அவங்கவங்க வீட்ல இருக்கு, பக்கத்து வீட்டுக்கு போக காரணமே இல்லாம போச்சு.

அதனால நான் சொல்றது ஒண்ணு தான், உதவி வேணுமான்னு போய் கேக்காதீங்க, யாரும் வேணும்னு சொல்ல மாட்டாங்க, கூச்சம். நீங்க போய் ஒரு உதவி கேளுங்க. ஏணி கேளுங்க, கறிவேப்பிலை கேளுங்க, ரெண்டு நாள் ஊருக்கு போறேன் செடிக்கு தண்ணி ஊத்த முடியுமான்னு கேளுங்க. நம்மகிட்ட கேட்டானேன்னு தோணினா தான் அவங்களும் நாளைக்கு உங்ககிட்ட கேப்பாங்க.

வாசல்கோலம்:
பெரியவர் சொல்றது சரி, ஆனா நான் தனியா இருக்கிற பொண்ணு, எனக்கு இன்னொரு பக்கமும் தெரியும். முன்னாடி இருந்த தெருல எல்லாரும் நல்லா பேசுவாங்க, பேசிட்டே நீங்க என்ன ஆளுங்கன்னு கேப்பாங்க, ஏன் கல்யாணம் ஆகல, நைட்டு ஏன் லேட்டு, யாரு வந்துட்டு போனது. வீடு பாக்க போன இடத்துல ஜாதி கேட்டு இல்லன்னு அனுப்பினவங்களும் இருக்காங்க. அதனால நெறய பேரு கேட்டை சாத்திக்கிறது திமிர்ல இல்ல, பட்ட அனுபவத்துல. நீங்க பழகும்போது இந்த கேள்வி எதுவும் கேக்காதீங்க, அது ஒண்ணு போதும், எங்கள மாதிரி ஆளுங்க தானா பேசுவோம்.

இப்ப இருக்கிற தெருல எனக்கு பழக்கம் ஆனதே மார்கழி கோலத்துல தான், அஞ்சரை மணிக்கு எதிர் வீட்டு அக்காவும் நானும் தான் வாசல்ல, இருவது நாள் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு அப்புறம் அவங்களே செம்மண் குடுத்தாங்க. ஒரு நாள் எனக்கு காய்ச்சல், கோலம் போடல, ஏழு மணிக்கு பெல் அடிச்சு என்னாச்சும்மான்னு கேட்டாங்க. அந்த பாட்டி வீட்டையும் இத மாதிரி கவனிக்கிற ஆள் ஒருத்தர் இருந்திருந்தா உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

வில்லிவாக்கம் ராம்:
ப்ரோ, எங்க தெரு சேந்ததே 2019ல தான். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வத்திப்போய் ஜோலார்பேட்டைலேர்ந்து எங்க ஏரியாவுக்கு ட்ரெயின்ல தண்ணி கொண்டு வந்தாங்களே அந்த வருஷம். லாரி புக் பண்ணா வாரக்கணக்கா வராது, வந்தா சண்டை. அப்ப ஒரு வீட்ல மூடி போட்டு வச்சிருந்த பழைய கிணறு, அடில கொஞ்சம் தண்ணி இருந்துச்சு, அந்த வீட்டுக்காரர் கேட்டை தொறந்து விட்டு ஆளுக்கு நாலு கொடம்னு சொன்னாரு. மழை வந்தப்புறம் நாங்க எல்லாரும் சேந்து பண்ணது என்னன்னா, 2003லயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்து எல்லா வீட்லயும் குழி இருக்கும், ஆனா பாதி அடைச்சு கெடக்கும், அந்த ஜல்லி மணல எடுத்து கழுவி திருப்பி போட்டோம், ரெண்டு மூணு மாடி தண்ணிய அந்த கிணத்துக்கே பைப் போட்டு விட்டோம். வருஷா வருஷம் செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை இதே வேலை, முடிஞ்சதும் ஒரு வீட்ல டிபன்.

உங்க ஏரியா தண்ணி நிக்கிற ஏரியா, மழைநீர் வடிகால் மூடில இருக்கிற ஓட்டைல குப்பை அடைச்சிருக்கான்னு தெருவா சேந்து பாருங்க, மாநகராட்சி புகார் நம்பர் 1913க்கு ஒருத்தர் மட்டும் போன் பண்றதும் பத்து வீட்டுக்காரங்க பண்றதும் வேற. வாட்ஸ்அப்புக்கு, சாமி படத்துக்கு தனி க்ரூப் போட்டுருங்க, திட்டாதீங்க, அனுப்பறவங்க பாதி பேரு தனியா இருக்கிற பெரியவங்க, நான் நல்லா இருக்கேன்னு அவங்க சொல்றது அது தான்.

மடிப்பாக்கம்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ராம் ப்ரோ கடைசியா சொன்னத படிச்சிட்டு பழைய மெசேஜ் எல்லாம் மேல தள்ளி பாத்தேன். அந்த பாட்டி டெய்லி ஆறு மணிக்கு முருகர் படம் அனுப்பிருக்காங்க, ஒரு தேதியோட நின்னுருக்கு, எங்க யாருக்கும் அது கண்ல படல.

நேத்து எதிர் வீட்ல போய் ஏணி கேட்டேன், எனக்கு நெஜமாவே லைட் மாத்தணும். அங்கிள் ஏணிய எடுத்துட்டு அவரே கூட வந்துட்டாரு, நான் எறங்கற வரைக்கும் புடிச்சிட்டு நின்னாரு, காபி சாப்ட்டுட்டு தான் போனாரு. வடிகால் விஷயம் சொன்னேன், வர்ற ஞாயிறு காலைல ஏழு மணிக்குன்னு க்ரூப்ல போட்டிருக்கோம், இதுவரைக்கும் ஆறு வீடு வர்றேன்னு சொல்லிருக்கு. பாட்டி வீட்டு பையன் மம்பட்டி இருக்கு எடுத்துட்டு வரேன்னு மெசேஜ் போட்டிருக்காரு.