நெல்லைச் சீமையில் எத்தனை வீட்டு அடுப்பு பென்சன் பணத்தில் எரிகிறது?

முக்கூடல் தம்பி:

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: "பணம் ஏறிடுச்சா?" முதியோர் பணத்தைத்தான் கேட்கிறார்கள். அன்று சாயங்காலம் ஆச்சியோடு திண்ணையில் உட்கார்ந்து வீடு வீடாக எண்ணிப் பார்த்தேன். எங்கள் தெருவில் 34 வீடு. முதியோர் பணம் வருவது 9 வீட்டுக்கு, பீடி பி.எஃப். பென்சன் 7, விதவைப் பணம் 4, மாற்றுத்திறனாளி பணம் 2, ஓய்வு பெற்ற வாத்தியார் வீடு 1. நாலு வீட்டில் இரண்டு வகைப் பணம் வருகிறது. ஆக, 34-ல் 19 வீட்டுக்கு மாதாமாதம் ஏதோ ஒரு பென்சன். நெல், வாழை, பீடி என்று நம் பக்கத்துப் பிழைப்பைப் பேசுகிறோமே, இந்த வருமானத்தை யாருமே பேசுவதில்லை. நம் மாவட்டத்தில் பாதி வீடுகள் பென்சனை நம்பித்தான் ஓடுகின்றன என்று நான் சொல்கிறேன். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

பாளை பென்சனர்:

தம்பி, நான் 33 வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் மறுக்கத்தான் வேண்டும். பீடித் தொழிலே முக்கியப் பிழைப்பாக இருக்கும் ஒரு தெருவை வைத்து மாவட்டத்தைச் சொல்ல முடியாது.

மாநிலக் கணக்கில் இருந்து வாருங்கள். வருவாய்த் துறை கொடுக்கும் பணம் 1000-லிருந்து 1200 ஆக உயர்ந்தது 2023 ஆகஸ்டில். அப்போது வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். முதியோர் மட்டும் இல்லை; விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், 50 வயது தாண்டியும் திருமணம் ஆகாத ஏழைப் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் (இவர்களுக்கு மட்டும் 1500) எல்லாம் அதில் அடக்கம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. அப்போது தென்காசி பிரியவில்லை, அது பிரிந்தது 2019 நவம்பரில். சேர்ந்திருந்த திருநெல்வேலி மாவட்டத்தில் 30,77,233 பேர். அதே விகிதத்தை இங்கே போட்டால் 1 லட்சத்து 28 ஆயிரம் பேர் வருகிறது. 24 பேரில் ஒருவர். இது விகிதக் கணக்குதான், தாலுகா ஆபீஸ் பட்டியல் இல்லை. ஆனாலும் பாதி எங்கே, இது எங்கே?

முக்கூடல் தம்பி:

ஐயா, நீங்கள் ஆளை எண்ணினீர்கள், நான் வீட்டை எண்ணினேன். 24 பேர் என்றால் வீட்டுக்கு நாலு பேர் வீதம் ஆறு வீடு. வருவாய்த் துறைப் பணம் மட்டுமே ஆறு வீட்டுக்கு ஒன்று என்று உங்கள் கணக்கே சொல்கிறது. பீடி பென்சன், தொழிலாளர் நல வாரிய பென்சன், உங்களைப் போன்ற அரசு ஓய்வூதியர்கள் எல்லாம் இன்னும் உள்ளே வரவே இல்லை. சரி, பாதி என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 24-ல் ஒருவர் என்று சுருக்கினால் அந்த ஒருவரின் பணத்தில் சாப்பிடுகிற பேரன் பேத்தி கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆச்சி வாங்கும் 1200-ல் கேஸ் சிலிண்டர் வாங்கிய மாதங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆலங்குளம் வியாபாரி:

நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பணம் என் கல்லாவுக்கும் வருகிறது, அதனால் அதை இழிவாகப் பேசும் எண்ணம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திட்டத்தின் பெயர் ஆதரவற்ற முதியோருக்கானது. சொத்து ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் பக்கம் சென்னையில் மகன் கடை வைத்திருக்கிற, மாடி கட்டின வீட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள். தெருக்கோடியில் ஓலைக் குடிசையில் இருக்கிற கிழவி மூன்று வருஷமாக மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். எத்தனை பேர் நம்பி இருக்கிறார்கள் என்று கேட்டால், எத்தனை பேர் உண்மையில் நம்பி இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆளைக் குறைத்து, மிச்சம் இருப்பவருக்கு 3000 கொடுக்கட்டும். 1200-ஐ வைத்துக்கொண்டு ஒரு உயிர் எப்படி மாதம் தள்ளும்?

மேலப்பாளையம் மகள்:

அண்ணாச்சி, மகன் சென்னையில் கடை வைத்திருந்தால் ஆச்சிக்கு ஆதரவு இருக்கிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பணம் அனுப்பாத மகன்கள் நம் சீமையில் இல்லையா? அனுப்பினாலும், மருந்து வாங்க மருமகளிடம் கை நீட்டுகிற நிலையை நீங்கள் பார்த்ததில்லையா? கிழவிக்குக் கிடைக்கவில்லை என்றால் கிழவிக்குக் கொடுக்கச் சொல்லிப் போராடுவோம். இன்னொரு கிழவியின் பணத்தை நிறுத்தி என்ன ஆகப்போகிறது?

எங்கள் உம்மாவின் கதையையும் சொல்கிறேன். 31 வருஷம் பீடி சுற்றினார். இலை வெட்டி, தூள் வைத்து, ஆயிரம் பீடி கட்டினால்தான் அன்றைய கூலி. இப்போது பி.எஃப். பென்சன் மாதம் 1000 ரூபாய். மத்திய அரசு குறைந்தபட்ச பென்சன் என்று 2014 செப்டம்பரில் வைத்த அதே 1000. முதியோர் பணத்துக்கு மனு போட்டால், "உங்களுக்குத்தான் பி.எஃப். பென்சன் வருகிறதே" என்று திருப்பி அனுப்பினார்கள். உழைத்துச் சேர்த்தவருக்கு 1000, உழைக்காவிட்டால் 1200. இதை யார் சரி என்று சொல்வார்கள்?

அதையும் எடுக்க ஒவ்வொரு முறையும் விரல் வைக்க வேண்டும். இலையிலேயே தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் நாலு தடவை மறுத்து, ஐந்தாவது தடவை ஒத்துக்கொள்ளும். போன வருஷம் உயிர்ச் சான்று பதிவாகாமல் இரண்டு மாதம் பணம் நின்றது. உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷி, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க அலைந்தார்.

ஆலங்குளம் வியாபாரி:

அக்கா, "உழைக்காவிட்டால் 1200" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன். உங்கள் உம்மாவின் பணம் அவர் சம்பாதித்தது. அதை முதியோர் பணத்தோடு ஒரே பட்டியலில் எண்ணுவதே தவறு.

மேலப்பாளையம் மகள்:

அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது, கோபத்தில் எழுதிவிட்டேன். வயலில் நாற்று நட்ட ஆச்சி உழைக்காதவள் இல்லை. அவளுக்குப் பிடித்தம் செய்து வைக்க முதலாளி இல்லை, அவ்வளவுதான்.

பாளை பென்சனர்:

இந்த இடத்தில் கணக்கைத் தெளிவாக்குகிறேன். 1995 நவம்பரில் வந்த தொழிலாளர் பென்சன் திட்டத்தில், முதலாளி கட்டும் பங்கில் இருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்சன் நிதிக்குப் போகிறது. மத்திய அரசு 1.16 சதவீதம் போடுகிறது. 10 வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்சன். சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். கணக்கில் காட்டிய சம்பளம் 3000, சர்வீஸ் 19 வருஷம் என்றால் 814 ரூபாய்தான் வரும். அதை 1000 ஆக்கிக் கொடுக்கிறார்கள். ஆகவே அது முழுக்கச் சொந்தப் பணமும் இல்லை, முழுக்க அரசுப் பணமும் இல்லை.

முதியோர் பணத்தில் யார் எவ்வளவு போடுகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். மத்தியத் திட்டத்தில் வருபவருக்கு 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், 80 தாண்டினால் 500. அந்த 200 என்பது 2006-ல் வைத்தது. மீதியை மாநிலம் போடுகிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. அன்றைக்கே மாநிலம் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டது.

இன்னொன்று. என்னையும் பட்டியலில் சேர்த்தார் தம்பி. எங்களுக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியமே 7,850, அதன் மேல் அகவிலைப்படி. 2003 ஏப்ரல் முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியமும் கிடையாது. என்னையும் முக்கூடல் ஆச்சியையும் ஒரே தலைப்பில் எண்ணினால் எண்ணிக்கை பெரிதாகும், உண்மை மறைந்துவிடும்.

அம்பை அப்பா:

ஊனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என் மகளுக்கு 22 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். ஊட்டிவிட வேண்டும், தூக்கித்தான் குளிப்பாட்ட வேண்டும். பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 வருகிறது. அவள் பிறப்பதற்கு முன் என் மனைவி ஒரு பள்ளியில் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளம் அன்றோடு போனது. பட்டியலில் என் மகள் ஒரு ஆள். அவளுக்காக வேலையை விட்ட தாய் எந்தப் பட்டியலிலும் இல்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11,79,963 மாற்றுத்திறனாளிகள். ஐயா சொன்ன விகிதத்தில் நம் பழைய மாவட்டத்துக்கு 50 ஆயிரம் பேர். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனத்தின் வகைகளை 7-லிருந்து 21 ஆக்கியது. அதனால் அந்தப் பழைய எண்ணும் குறைவுதான். மத்திய அரசின் 300 ரூபாய் பங்கு வேண்டுமானால் 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும். கால் சூம்பிப்போய் 60 சதவீதம் என்று சான்று வாங்கியவரால் வயல் வரப்பில் நடக்க முடியுமா?

ஆலங்குளம் அண்ணாச்சிக்கு ஒன்று. அதே சட்டத்தின் 24-வது பிரிவு, மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட மாற்றுத்திறனாளிக்கு 25 சதவீதமாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. 1200-க்கு 25 சதவீதம் கூட்டினால் சரியாக 1500. வருவாய்த் துறை இப்போது மாற்றுத்திறனாளிக்குக் கொடுப்பதும் அந்த 1500-தான். சட்டம் "குறைந்தது" என்று சொன்ன இடத்திலேயே நிற்கிறோம். முதியோர் பணம் ஏறினால் இதுவும் ஏறியாக வேண்டும். அதனால் ஆளைக் குறைப்போம் என்ற பேச்சுக்கு நான் வரமாட்டேன், தொகையை ஏற்றுவோம் என்றால் முதல் ஆளாக நிற்பேன்.

ஆலங்குளம் வியாபாரி:

ஐயா, உங்கள் மகள் விஷயத்தில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. 2000 போதாது. பார்த்துக்கொள்பவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

முதியோர் பணத்தில் மட்டும் என் பேச்சில் நிற்கிறேன். கிராம சபையில் பட்டியலை வாசிக்கட்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடத்தான் செய்கிறோம். யார் வாங்குகிறார்கள், யாருடைய மனு நிற்கிறது என்று ஊர் முன்னால் தெரியட்டும்.

முக்கூடல் தம்பி:

மனு நிற்பவர்களின் பட்டியலை வாசிக்கலாம், அது நல்ல யோசனை. வாங்குகிறவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் அண்ணாச்சி. பக்கத்து வீட்டுப் பகையெல்லாம் அன்று புகார் மனுவாகிவிடும். பெயர் வாசித்த மறுமாசம் எங்கள் ஆச்சி வெட்கப்பட்டே பணம் வாங்கப் போகமாட்டாள்.

ஆலங்குளம் வியாபாரி:

வெட்கப்பட என்ன இருக்கிறது? ரேஷன் கடை வரிசையில் எல்லோரும்தானே நிற்கிறோம். இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் தம்பி. ஆனால் அந்தக் குடிசைக் கிழவியின் மனுவை நானே எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வைப் பார்க்கிறேன். இதுவரை கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்துவிட்டேன்.

பாளை பென்சனர்:

வி.ஏ.ஓ.வோடு நிறுத்தாதீர்கள். அவர் பரிந்துரைத்த பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கோப்பு போகும், அங்கே தேங்குவதுதான் அதிகம். இ-சேவையில் போட்ட மனு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

மேலப்பாளையம் அம்மா, உங்கள் உம்மாவுக்கு அடுத்த முறை விரல் பதியாவிட்டால் கண் கருவிழி வைத்தோ முகம் காட்டியோ உயிர்ச் சான்று பதியலாம். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பீடித் தொழிலாளிகளுக்கு அது மாறிக் கிடப்பது சகஜம். மாறியிருந்தால் முதலாளியும் கையெழுத்துப் போடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் வேண்டும். கம்பெனி இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

மேலப்பாளையம் மகள்:

பார்த்துவிட்டேன் ஐயா. ஆதாரில் 1958, பி.எஃப்.-ல் 1961. பீடிக் கடைக்காரரிடம் நாளைக் காலையில் போகிறோம்.