கால விரிவா, கால நீட்சியா?

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிவேகத்தை நெருங்கிச் செல்லும் விண்கலத்தின் கடிகாரம், புவியிலிருந்து அளக்கையில் மெதுவாக ஓடுவதை டைம் டைலேஷன் என்கிறோம். இதற்கு இந்த இழையில் இதுவரை வந்துள்ள 'காலத் தாமதம்', 'கால நீட்டிப்பு', 'கால விரிவு' ஆகியவற்றுக்கு மாற்றாகக் 'கால நீட்சி' என்பதை முன்வைக்கிறேன்.

தாமதம் என்றதும் கடிகாரத்தில் ஏதோ பழுது என்றே மாணவர் எண்ணுவர். செர்ன் என்னும் ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகத்தின் சேமிப்பு வளையத்தில் ஒளிவேகத்தை நெருங்கிச் சுற்றிய மியூவான் என்னும் நுண்துகள்களை 1977இல் அளந்தபோது, ஓய்வில் 2.2 மைக்ரோநொடியாக இருக்கும் அவற்றின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 64 மைக்ரோநொடியாக இருந்தது. பழுதாவதற்கு அங்கே பொறி ஏதுமில்லை. 'கால நீட்டிப்பு' என்பதோ ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளுக்குச் சொந்தமாகிவிட்டது. மேலும் நீட்டுதல் பிறவினை. யாரோ நீட்டுவதாக ஆகிவிடும். ஆள் ஆட்சியாவதுபோலவும் மீள் மீட்சியாவதுபோலவும் நீள் என்னும் தன்வினையிலிருந்து பிறந்த நீட்சிக்கு அந்தக் குறை இல்லை.

'கால விரிவு' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் (வெடித்துச் சிதறும் விண்மீன்கள்) மங்குவதற்கு அருகிலுள்ளவற்றைவிடக் கூடுதல் நாள் எடுப்பதை விளக்கும்போது, 'அண்ட விரிவால் ஏற்படும் கால விரிவு' என்று எழுத வேண்டிவரும். ஒரே தொடரில் காரணமும் விளைவும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது பாடநூலுக்கு ஆகாது.

பயணிக்குக் குறைவாகவே வயதாகும்போது 'நீட்சி' என்பது பொருந்துமா என்ற கேள்வி எழலாம், அது நியாயமானதே. நீள்வது பயணியின் ஆயுள் அன்று, கலத்துக் கடிகாரத்தின் அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடையே புவியில் அளக்கப்படும் இடைவெளியே. ஒளிவேகத்தில் 99 விழுக்காட்டில் செல்லும் கலத்தின் ஒரு நொடி, புவிக் கணக்கில் 7 நொடிக்குச் சற்று மேல். இடைவெளி நீண்டால் துடிப்புகளின் எண்ணிக்கை குறையும். அவ்வேகத்தில் 4.24 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரி விண்மீனுக்குச் செல்லப் புவிக் கடிகாரத்தில் ஏறத்தாழ 4.3 ஆண்டுகள் ஆகும். கலத்தின் கடிகாரத்திலோ ஏழு மாதங்களுக்குச் சற்று மேல்தான் ஓடியிருக்கும். ஆகவே வரையறையில் 'துடிப்பிடைவெளி' என்னும் சொல்லைச் சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும் என்று கருதுகிறேன்.

பயணியின் நோக்கில் கடிகாரம் இயல்பாகவே ஓடுகிறது. கடக்க வேண்டிய தொலைவுதான் 0.6 ஒளியாண்டாகச் சுருங்குகிறது. அதற்கு 'நீளக் குறுக்கம்' என்பது நிலைபெற்றுவிட்டதால், நீட்சியும் குறுக்கமும் எதிரிணையாக நிற்பது கூடுதல் வசதி. ஈர்ப்பால் கடிகாரம் மெதுவாக ஓடுவதையும் 'ஈர்ப்புசார் கால நீட்சி' என்று தடையின்றிச் சொல்லலாம்.

எஞ்சி நிற்பது, பயணி தன் கடிகாரத்திலேயே அளக்கும் நேரத்துக்கான சொல். 'உரிய நேரம்' என்றால் தக்க வேளை என்று பொருள்படும். 'தன்னேரம்' புணர்ச்சிப்படி சரிதான் என்றாலும், 'தன்னேரில்லாத' என்பதை நினைவூட்டித் தடுமாற வைக்கிறது. 'தற்காலம்' பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சற்று நீளமானாலும் 'தன்கடிகார நேரம்' என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது. இதைவிடச் சுருக்கமான சொல் எவரிடமேனும் இருந்தால் இதே இழையில் தெரிவிக்க வேண்டுகிறேன்.