சிகரெட் வாடை பிடித்த பிளாட்: கழுவுவதா, பட்டி பார்ப்பதா, நேரா பெயின்டா?

மூணாம்மாடி:

சென்னையில் 2 பெட்ரூம் பிளாட், கட்டி 15 வருஷம் ஆகிறது. முன்பு இருந்தவர் ஹாலிலும் ஒரு பெட்ரூமிலும் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சிகரெட் பிடிப்பவர். சுவரில் பழைய எமல்ஷன். படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது, சுற்றிலும் டீ கொட்டிய நிறம். "பட்டி பார்த்து ரெண்டு கோட் எமல்ஷன் அடிச்சா வாடை கீடை எல்லாம் போயிடும்" என்கிறார் பெயின்டர். சாம்பிளுக்கு ஒரு ஓரத்தில் எமல்ஷன் அடித்துப் பார்த்தோம், மூன்றே நாளில் மஞ்சள் திட்டு மேலே வந்துவிட்டது. மழை பெய்யும் நாளில் வாடை இன்னும் தூக்கலாக இருக்கிறது. எந்த வேலையை முதலில் ஆரம்பிப்பது?

சுண்ணாம்புக்கல்:

சாம்பிளில் வந்த திட்டைப் பெயின்டரிடம் காட்டுங்கள். சுவரில் இருப்பது நிகோட்டினும் தாரும் கலந்த பிசுக்கு. எமல்ஷன் தண்ணீரில் கரைத்த பெயின்ட். ஈரமாக இருக்கும்போது அந்தப் பிசுக்கில் கரையக்கூடியதைக் கரைத்து, காயும்போது மேலே இழுத்துக்கொண்டு வரும். மூன்றாவது கோட் அடித்தாலும் இதே கதைதான். மழை நாளில் வாடை கூடுவதற்கும் ஈரக்காற்று அந்தப் பிசுக்கிலிருந்து வாசத்தைக் கிளப்புவதுதான் காரணம். அதனால் முதல் வேலை கழுவுவது.

5 லிட்டர் வெந்நீருக்கு (கை பொறுக்கிற சூடு போதும்) மூன்று மேசைக்கரண்டி சலவை சோடா, ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம். சமையல் சோடா வேண்டாம், இந்த அளவுக்கு அதற்குக் காரம் போதாது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், சீலிங்கைக் கழுவும்போது சொட்டு நேராகக் கண்ணுக்குத்தான் வரும். அலுமினிய ஜன்னல் சட்டத்தில் இந்தத் தண்ணீர் நின்றால் கருத்துப்போகும், முன்கூட்டியே பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி மூடிவிடுங்கள்.

சீலிங்தான் முதலில். புகை மேலே போய்த் தங்குகிற இடம் அது, ஆனால் பலரும் சுவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்து சுவர், கீழிருந்து மேலாக. மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக ஊறிவிடும், பிறகு தேய்த்தாலும் சுலபத்தில் போகாது. ஈரச் சுவரில் வழிந்தால் துடைத்துவிடலாம். நான்கு அடி அகலம் தேய்த்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, வேறு வாளியில் உள்ள நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்ததும் கொட்டிவிடுங்கள். சோடா சுவரில் மிஞ்சினால் மேலே வரும் ஆயில் பிரைமரை (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) கெடுக்கும், அதனால் நல்ல தண்ணீரால் துடைப்பது இரண்டு தடவை.

முடிந்ததா என்று பார்க்க, வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஒரு அடி தூரம் அழுத்தித் துடையுங்கள். துணி பழுப்பானால் இன்னொரு முறை கழுவ வேண்டும். பழைய டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ என்றால் கழுவிப் பயனில்லை, தண்ணீர் பட்டதும் குழைந்துவிடும். அதைத் தகட்டால் சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

உப்புத்தாள்:

மேலே சொன்னது சரி. பெயின்ட் வரிசையை நான் சொல்கிறேன், பெரும்பாலும் சொதப்புவது அங்கேதான்.

கழுவிய சுவர் குறைந்தது இரண்டு நாள் காய வேண்டும். காய்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிரித்த உடனே மூக்கை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால், சுவரில் வாடை எவ்வளவு மிச்சம் என்றும் தெரிந்துவிடும்.

அடுத்து பிரைமர். கடையில் பிரைமர் என்று மட்டும் கேட்டால் வாட்டர் பிரைமரைத்தான் கொடுப்பார்கள். அது எமல்ஷன் மாதிரியே கறையை இழுத்து வரும். டர்பன்டைனில் கலக்கும் சுவர் பிரைமர், அதாவது ஆயில் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு 100 மில்லிக்கு மேல் டர்பன்டைன் சேர்க்க வேண்டாம். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று சிலர் தண்ணியாகக் கரைத்துவிடுவார்கள், அப்புறம் கறை அடைபடாது. இரண்டு கோட், இடையில் ஒரு ராத்திரி.

அளவுக்கு ஒரு கணக்கு: 10க்கு 12 அறை, 10 அடி உயரம். நாலு சுவர் 440 சதுர அடி, கதவு ஜன்னலுக்கு 50 கழித்தால் 390, சீலிங் 120. மொத்தம் 510. பழைய பூச்சில் லிட்டருக்கு 100 சதுர அடி என்று வைத்தால் முதல் கோட்டுக்கு 5 லிட்டர், இரண்டாவதுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆக ஒரு அறைக்கு 10 லிட்டர் வாங்கினால் போதும்.

பட்டி பிரைமருக்குப் பிறகுதான். பிசுக்கின் மேலேயே பட்டி பார்த்தால் பிடிப்பு இருக்காது, தட்டினால் தகடாகப் பெயரும். இன்னொன்று, வெள்ளை சிமென்ட் பட்டி ஆயில் பிரைமர் மேல் ஒட்டாது. பள்ளம், விரிசல் உள்ள இடத்துக்கு மட்டும் அக்ரிலிக் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, அந்த இடங்களில் திரும்ப ஒரு கை பிரைமர் தொட்டுவிடுங்கள். கடைசியாக எமல்ஷன் இரண்டு கோட்.

முழு வீட்டிலும் இறங்கும் முன்பு சீலிங்கில் ரொம்பப் பழுத்த ஒரு மூலையில் இரண்டடி சதுரத்துக்குப் பிரைமரும் எமல்ஷனும் அடித்து மூன்று நாள் பாருங்கள். திட்டு வரவில்லை என்றால் தைரியமாக ஆரம்பிக்கலாம்.

மூணாம்மாடி:

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். பாத்ரூமை ஒட்டிய சுவர் கீழே ஓதம் பூத்திருக்கிறது, அங்கேயும் ஆயில் பிரைமர்தானா? அப்புறம், ஓசோன் மெஷின் வாடகைக்கு வைத்தால் ஒரே நாளில் வாடை போய்விடும் என்று ஒருவர் சொல்கிறார். வினிகரைக் கிண்ணத்தில் வைக்கச் சொல்கிறார் இன்னொருவர்.

உப்புத்தாள்:

ஓதச் சுவரில் இப்போது எதையுமே அடிக்காதீர்கள். ஆயில் பிரைமர் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், அது கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பாத்ரூம் பக்கம் டைல்ஸ் இடுக்கையும் பைப் கசிவையும் சரிசெய்து, சுவர் காய்ந்து, பாலிதீன் சோதனையில் தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையையே எடுக்க வேண்டாம் என்பேன்.

சுவிட்ச்போர்டு:

ஓசோனைத் தவிர்த்துவிடுங்கள். நுரையீரலுக்குக் கெடுதல், ரப்பரிலும் வெடிப்பு விழ வைக்கும். சுவரில் படிந்த நிகோட்டினோடு சேர்ந்து வேறு சில வேண்டாத பொருள்களையும் உண்டாக்கும். பிசுக்கு மட்டும் சுவரிலேயே இருக்கும். கிண்ணத்து வினிகரால் வீடு ஊறுகாய் ஜாடி மாதிரி மணக்குமே தவிர வேறு லாபமில்லை. வினிகரைத் துணியில் தொட்டுக் கண்ணாடியும் டைல்ஸும் துடைத்தால் ஓரளவு பலன் உண்டு. பிளீச்சிங் பவுடரோடு மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

இதுவரை யாரும் ஏசியைத் தொடவில்லை. சாத்திய அறையில் புகை முழுக்க அதன் வழியாகத்தான் சுற்றியிருக்கும். பில்டரைக் கழுவினால் மட்டும் தீராது. கூலிங் காயில், உருளை பிளோயர், தண்ணீர் வடியும் தட்டு மூன்றும் சுத்தமாக வேண்டும். பிளோயரைக் கழற்றி வெளியே வைத்துக் கழுவச் சொல்லுங்கள், இதழ்களின் உள்வளைவில் பழுப்புப் பசை அப்பியிருக்கும், பிரஷ் அங்கே எட்டாது. ஆன் செய்த முதல் ஐந்து நிமிஷம் மட்டும் வாடை வருகிறது என்றால் ஆள் இதுதான். இந்த சர்வீஸைப் பெயின்டுக்கு முன்பே முடியுங்கள், பீய்ச்சும் தண்ணீர் சுவரில் பழுப்பாகத் தெறிக்கும். முடிந்ததும் பாலிதீன் போட்டுக் கட்டிவிட்டால் உப்புத்தாள் தூசு உள்ளே போகாது.

பேன் இறக்கையின் மேல்பக்கம், சீலிங்கை ஒட்டிய கிண்ணம், டியூப்லைட் சட்டம், கதவின் மேல் விளிம்பு, பரண் இவற்றையும் விடாதீர்கள். சுவிட்ச் பலகையை மெயினை ஆப் செய்துவிட்டு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். அலமாரியின் உள்ளே மைக்கா ஒட்டாத பிளைவுட் இருந்தால் அது வாடையைக் குடித்து வைத்திருக்கும். லேசாக உப்புத்தாள் போட்டு, மெழுகு நீக்கிய அரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் என்று ஊறவைத்து இரண்டு கை பூசுங்கள். அந்த நேரத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும், விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் எரியக்கூடாது.

திரைச்சீலையைத் துவைத்துக்கொள்ளலாம். மெத்தை, சோபா பஞ்சு விஷயத்தில் மெனக்கெட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சுண்ணாம்புக்கல்:

பூஜையறை விளக்குக் கரியும் இருந்தால் அதை மட்டும் ஈரத்துணியால் தொடாதீர்கள், எண்ணெய்க் கரி இழுபட்டு இரண்டு மடங்கு பரவும். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பிறகு சோடாத் தண்ணீர்.

பிரைமர் அடித்து முதல் ஒரு வாரம் டர்பன்டைன் நெடி இருக்கும், அதைச் சிகரெட் வாடை என்று நினைத்துப் பெயின்டரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, ஜன்னலை எல்லாம் ஒரு ராத்திரி சாத்தி வைத்து, காலையில் வெளியிலிருந்து கதவைத் திறந்து முதல் மூச்சில் பாருங்கள். இரண்டாவது மூச்சுக்கு மூக்கு பழகிவிடும்.