உதவி: குளோஸப்ல கண்ணு மட்டும் தெளிவு, மீதி எல்லாம் கஞ்சி

ஈரத்திண்ணை: அவசரம், யாராவது சொல்லுங்க. கிணத்தடியில தட்டான் எடுத்தேன். கண்ணுல பாதி தெளிவா இருக்கு. றெக்கை, வால் எல்லாம் கலங்கிப் போச்சு. லென்ஸ் திறப்பைச் சின்னதாக்கி எஃப் 8-லதான் வச்சேன். லென்ஸ் போயிடுச்சா? காலைல மறுபடி வந்து உக்காரும், அதுக்குள்ள தெரியணும். படம் கீழே.

முக்காலி: ஷட்டர் வேகம் என்ன? இது கை ஆட்டம்தான். ட்ரைபாட் இல்லாம மேக்ரோ, அதான் இந்த மாதிரி குளோஸப் பக்கமே போகாதீங்க.

கரிசல்: கை ஆடினா கண்ணும் சேர்ந்துதானே ஆடியிருக்கும்? கேமரா எது, லென்ஸ் எது?

ஈரத்திண்ணை: கேனான் 700டி, 50 எம்எம் 1.8.

பழையரோல்: அந்த லென்ஸ் ஒரு அடிக்குள்ள ஃபோகஸே ஆகாது. நடுவுல என்னத்த மாட்டியிருக்கீங்க? முழு விவரத்தோட கேளுங்கன்னு இங்க எத்தனை தடவை கத்துறது.

ஈரத்திண்ணை: ஓ அதுவா, எக்ஸ்டென்ஷன் டியூப், கிட்ட போய் எடுக்க கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டுறது. மூணு வளையம், சல்லிசா கிடைச்சுது. அது முக்கியமா?

பழையரோல்: அதைத்தான் தம்பி முதல்ல சொல்லணும். வளையத்துக்குள்ள தங்கக் கலர் புள்ளிங்க வரிசையா இருக்கா?

ஈரத்திண்ணை: இல்லண்ணே, வெறும் ஓட்டை. ஸ்க்ரீன்ல 00-ன்னு காட்டுது. ஆனா டியூப் மாட்டுறதுக்கு முன்னாடியே 8 வச்சுட்டேனே.

கரிசல்: அங்கதான் கோளாறு. லென்ஸுக்குள்ள திறப்பைச் சின்னதாக்குற இதழ்கள் படம் பிடிக்கிற நேரத்துக்கு மட்டும்தான் மூடும், அதுவும் கேமரா கரண்ட் கொடுத்தாத்தான். புள்ளி இல்லாத வளையத்துல கரண்ட் போகாது. அதனால 1.8-லயே திறந்து கிடக்கு. ஏறக்குறைய 50 எம்எம் நீளத்துக்கு வளையம் போட்டா பூச்சி அதோட நிஜ அளவுலயே சென்சார்ல விழும். அப்போ தெளிவா கிடைக்கிற ஆழம் 1.8-ல ரெண்டு தலைமுடி கனம். 8-ல அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. லென்ஸ் நல்லாத்தான் இருக்கு.

சரி பண்ண வழி இதுதான், டியூப் இல்லாம லென்ஸை மாட்டி 8 வைங்க. லென்ஸ் கழட்டுற பட்டனுக்குக் கீழே இன்னொரு பட்டன் இருக்கு பாருங்க, அதை அழுத்திப் பிடிச்சபடியே லென்ஸைக் கழட்டுங்க. இதழ் மூடினபடி நிக்கும். அப்புறம் டியூப்.

முக்காலி: எல்லாம் சரி, ட்ரைபாட் இருந்தா ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி 20 படம் எடுத்து ஒண்ணா அடுக்கிடலாம்.

கரிசல்: 20 படம் வரைக்கும் தட்டான் உக்காந்திருக்குமா சார்?

மீனாள்: முதல்ல அது தட்டானே இல்ல, ஊசித்தட்டான். றெக்கையை முதுகு மேல சேர்த்து மடக்கியிருக்கு பாருங்க. தட்டான் விரிச்சே வச்சிருக்கும். எங்க ஊர்ல ரெண்டுமே தும்பிதான்.

பழையரோல்: தும்பின்னா வண்டும்மா. சங்கப் பாட்டுல அப்படித்தான்.

மீனாள்: எங்க ஆத்தா சங்கப் பாட்டு படிச்சுட்டா தும்பி பிடிச்சாங்க?

முக்காலி: தட்டாரப்பூச்சியை விட்டுட்டீங்க.

கரிசல்: சண்டைக்கு நடுவுல ஒண்ணு: றெக்கை மடக்கியிருந்தா நமக்கு வசதி. நேர் பக்கவாட்டுல போய் உடம்புக்கு இணையா கேமராவைப் பிடிங்க. கண்ணுல இருந்து வால் வரைக்கும் அந்த அரை மில்லிமீட்டருக்குள்ள ஓரளவு அடங்கும்.

பழையரோல்: வெளிச்சம் பத்தாது, சொல்லிட்டேன். அவ்வளவு கிட்ட போனா வெளிச்சம் குறைஞ்சு 8-ங்கிறது 16 மாதிரிதான். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை நிறுத்துங்க.

ஈரத்திண்ணை: பட்டன் வேலை செஞ்சுது, நன்றி. வியூஃபைண்டர் ஒரே இருட்டு. தெர்மாகோலைப் பார்த்ததும் பூச்சி பறந்துடுச்சு. புளியங்கொட்டை எடுத்தேன், சூப்பரா வந்திருக்கு.

மீனாள்: படம் போடுங்க.

முக்காலி: ட்ரைபாட்ல எடுத்தீங்களா?